அண்ணி கேட்ட கேள்வி

மிக்ஸி மூடியில் ஒரு கையை வைத்துக்கொண்டு அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்த காலை நன்றாக நினைவிருக்கிறது. "போடட்டா?" என்றார். நான் காதைப் பொத்திக்கொண்டு பால்கனிக்குப் போன பிறகுதான் சட்னி அரைபட்டது.

செங்கல்பட்டில் அண்ணன் வீட்டுக்கு நான் வந்தபோது வயது முப்பது தாண்டியிருந்தது; மூன்றாவது வேலையும் போயிருந்தது. கவனம் ஓரிடத்தில் நிற்காததற்கு ஏ.டி.எச்.டி. என்று பெயர் சொல்லி மாத்திரை கொடுத்தார் டாக்டர். மனதுக்குள் இரைச்சல் அடங்கியதும் வெளி இரைச்சல் முழுதாகக் கேட்கத் தொடங்கியது. டியூப்லைட்டின் ரீங்காரம், சொல்லாமல் மாறும் திட்டம் எல்லாமே உடம்பில் குத்தின. ஆட்டிசமும் கூடவே இருக்கலாம் என்றார் டாக்டர். புதிதாக ஏதாவது வேண்டுமென்று துடிப்பவளும், எதுவுமே மாறக்கூடாதென்று அழுபவளும் நான்தான் என்பது அன்றுதான் புரிந்தது.

அண்ணன் அலாரம் வைக்கச் சொன்னார், தியானம் செய்யச் சொன்னார். அண்ணிதான், "அத வுடு. நான் இன்னா செஞ்சா உனுக்குத் தோதா இருக்கும், சொல்லு" என்றார். அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

"நான் வேலைக்கு அப்ளிகேஷன் எழுதும்போது பக்கத்துல சும்மா உக்காருங்க, அண்ணி."

முதல் நாள் பேசிக்கொண்டே இருந்தார். ஒரு வரியும் ஓடவில்லை. சொன்னேன். மறுநாளிலிருந்து வாய் திறக்காமல் துணி மடித்தார். என் கை ஓடியது. ஏனென்று இருவருக்கும் தெரியாது.

மாமல்லபுரம் சாலையில் ஓர் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. சேருவதற்கு முந்தின நாள், இடம் பழகட்டும் என்று அண்ணி என்னைப் பஸ்ஸில் அழைத்துப்போய் வாசல்வரை காட்டினார்.

"மேனேஜராண்ட செவுத்தோரமா சீட்டு கேளு. வேலைய எழுத்துல குடுக்கச் சொல்லு."

"வேலையே வேணாம்னுட்டா?"

"சொல்லாம இருந்தப்போ மட்டும் வேல நின்னுச்சா இன்னா?"

மறுநாள் மேலாளரிடம் இரண்டையும் கேட்டேன். "சீட்டு இன்னைக்கே மாத்திடலாம். வேலையை மெயில்ல அனுப்பிடறேன்" என்றார். அவ்வளவுதான். கழிவறையில் போய் அழுதேன். இன்றும் அந்தச் சுவரோரத்தில்தான் வேலை செய்கிறேன்.

வேலை நிரந்தரமானபோது சொந்தக்காரர்களைக் கூட்டி விருந்து வைக்க நினைத்தார் அண்ணன். அண்ணி என்னைக் கேட்டார். கூட்டமில்லாத நாளில் வேடந்தாங்கல் போதும் என்றேன். ஏரிக்கரையில் கூழைக்கடாப் பறவையைப் பற்றி ஆரம்பித்தவள் ஓயவேயில்லை. அண்ணன் கொட்டாவி விட்டபடி டீ குடிக்கப் போனார். வழக்கம்போல் கூசிப்போய் பாதியில் நிறுத்தினேன்.

"இன்னா நிறுத்திட்ட?" என்றார் அண்ணி. "வாயாண்ட அம்மாம்பெரிய பை எதுக்குன்னு சொல்லவே இல்லியே!"

வெயில் ஏறும்வரை சொன்னேன்.