விளக்கு வைத்த பிறகு

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எனக்குச் சிரித்த முகக்காரன் என்று பெயர். கூரைத் தகரம் ஒழுகினால், "வீட்டுக்குள்ளயே பீலி வந்துருச்சு, தண்ணிக்கு நடக்குற வேலை மிச்சம்" என்பேன். மழையில் பால் வெட்டு நின்றுபோய், வேலையில்லாமல் ஆட்கள் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தால், ரப்பர் மரத்துக்கும் லீவு வேண்டாமா என்று கேட்பேன். சிரிப்பார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. புலம்புகிறவர்களைக் கண்டாலே எரிச்சல் வரும். புலம்பி என்னத்தைக் கண்டார்கள்?

யட்டியாந்தோட்டைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டம் அது. நான் ஸ்டோரில் வேலை செய்தேன். பாலை உறைய வைத்து, ஷீட்டாக அடித்து, புகையில் காயப்போடுகிற இடம். என் மனைவி பால் வெட்டுகிறவள். விடியும்போதே கத்தியும் வாளியுமாக மலை ஏறினால் மத்தியானம் கழிந்துதான் இறங்குவாள். நான் வீடு திரும்பும்போது விளக்கு வைக்கிற நேரமாகிவிடும்.

விளக்கு வைத்த வீட்டில் அபசகுனமாகப் பேசக் கூடாது என்பது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். அழக் கூடாது, சாவு நோய் என்று வாயெடுக்கக் கூடாது. நான் அதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டேன். குறையும் சொல்லக் கூடாது. மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் நாங்கள் இரண்டே பேர். "ஏங்க, இன்னைக்கி மலையில..." என்று அவள் தொடங்கினால், நான் சாமி படத்தைக் காட்டுவேன்.

"வெளக்கு வச்சாச்சு. நல்லதா ஒண்ணு சொல்லு."

அவள் கொஞ்சம் யோசிப்பாள். பின்பக்கம் நட்ட கறிவேப்பிலை துளிர்த்திருக்கிறது என்பாள். அடுத்த காம்பராவில் பிள்ளைக்குப் பல் முளைத்திருக்கிறது என்பாள். காலையில் சொல்லலாமே என்றால், வேலைக்குக் கிளம்புகிற நேரத்தில் அதெல்லாம் பேசலாமா? ஆக, எங்கள் வீட்டில் குறை சொல்ல நேரமே கிடையாது. இதை நான் பெரிய சாமர்த்தியமாக நினைத்திருந்தேன். கஷ்டம் மனத்துக்குள் நுழையாமல் இருக்க ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன் என்று நாலு பேரிடம் சொல்லியும் இருக்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு நாள் அவள் தேத்தண்ணியைக் கோப்பைக்கு வெளியே ஊற்றினாள். தரைக்கும் தாகமாக இருக்கும் என்றேன். இன்னொரு நாள் கதவு நிலையில் நெற்றியை இடித்துக்கொண்டாள். "இடிச்சுத் தள்ளிட்டா தோட்டத்துல புதுசு கட்டித் தருவாங்கன்னு பாக்குறியா?" என்றேன். அவளும் சிரித்தாள். சிரித்தாள் என்றுதான் நான் நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் கண்டக்டர் ஐயா என்னை மலைக்குக் கூப்பிட்டு அனுப்பினார். தோட்டத்தில் பால் வெட்டை மேற்பார்வை பார்க்கிறவரை அப்படித்தான் கூப்பிடுவோம். சிங்களவர், தமிழ் எங்களைப் போலவே பேசுவார். என் மனைவி பாலை நிறுக்கக் கொண்டுபோயிருந்த நேரம். அவள் வெட்டுகிற மரங்களுக்கு முன்னால் என்னை நிறுத்தினார்.

ரப்பர் பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும். கத்தி ஒரு நூல் ஆழமாகப் போனாலும் மரம் காயப்படும், அந்த இடம் முண்டு கட்டிவிடும். வெட்டு நாளுக்கு நாள் மேலிருந்து கீழே இறங்கி வரும். அதனால் மேலே இருப்பது பழைய வெட்டு, அடியில் இருப்பது இன்றைய வெட்டு. அந்த மரத்தில் மேலே பட்டை வழவழப்பாக மூடி வளர்ந்திருந்தது. அதற்குக் கீழே ஒரு காயம். இன்னும் கீழே இரண்டு. அதற்கும் கீழே கொத்திப் போட்டது மாதிரி இருந்தது. அடுத்த மரமும் அப்படியே. அதற்கடுத்ததும்.

"மரத்துக்கு அம்மை போட்டுருக்குங்க ஐயா" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை.

"பதினோரு வருஷத்துல இவ மரத்துல ஒரு காயம் கெடையாது. இப்ப நானும் தெனம் ஏசுறேன். தலைய குனிஞ்சுக்கிட்டு நிக்கிறா, வாயே தொறக்கல்ல." முதல் காயத்திலிருந்து கடைசிக் காயம்வரை கையை விரித்துக் காட்டினார். முக்கால் சாண் இருந்தது. "எட்டு மாசத்து வெட்டு. அவளுக்குக் கண்ணு தெரியல்லப்பா. ஒனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. ஒரே பாயில் படுக்கிறவன் பார்க்காததை மரத்தைப் பார்த்து ஒருவர் சொல்லிவிட்டார். வெட்கத்தில் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அடுத்த நாளே டவுன் ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினோம். வழியில் செக்பாயின்டில் எல்லோரையும் இறக்கி அடையாள அட்டை பார்த்தார்கள். பஸ் படியில் நின்று, தரை எங்கே இருக்கிறது என்று அவள் ஒற்றைக் காலால் தேடியதை அன்றைக்குத்தான் பார்த்தேன். எத்தனை நாள் அப்படித் தேடினாளோ.

கண் டாக்டர் சின்ன வயதுப் பெண். எவ்வளவு நாளாக இப்படி என்று சிங்களத்தில் கேட்டார். என் மனைவி சிங்களம் நன்றாகப் பேசுவாள். பேச ஆரம்பித்தாள். விளக்கைச் சுற்றி நிறம் நிறமாக வட்டம் தெரிந்தது, தலைவலியில் மலையிலேயே வாந்தி எடுத்தது, ஒரு பக்கம் இருட்டிக்கொண்டே வந்தது, தண்ணீர் ஓடுகிற கானில் விழுந்து முழங்கால் கிழிந்ததைச் சேலையால் மறைத்தது, மரத்தை விரலால் தடவித் தடவி வெட்டியது என்று எட்டு மாதத்தையும் வரிசையாகச் சொன்னாள். அவள் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. அதுவும் எனக்குச் சொல்லவில்லை, ஒரு டாக்டருக்குச் சொன்னாள்.

கண்ணுக்குள் அழுத்தம் கூடியிருக்கிறது என்றார் டாக்டர். வலது கண் போய்விட்டது, அந்தப் பார்வை இனித் திரும்பாது. இடது கண்ணிலும் தொடங்கியிருக்கிறது. மருந்து ஊற்றிக் காப்பாற்றப் பார்க்கலாம். ஆரம்பத்திலேயே வந்திருந்தால் என்று தொடங்கி, நிறுத்திக்கொண்டார்.

வீட்டில் யாரிடமும் சொல்லவில்லையா என்று கேட்டார். நான் தரையைப் பார்த்தேன்.

"நேரம் கிடைக்கவில்லை" என்றாள் சிங்களத்தில்.

திரும்பி வரும்போது ஜன்னலோரம் அவளை உட்கார வைத்து, பக்கத்தில் நான் உட்கார்ந்தேன். பஸ் கிளம்பியதும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "ஒரு கண்ணு போதாதா, என் மூஞ்சியப் பாக்குறதுக்கு..." என்று தொடங்கினேன்.

"இன்னைக்கி வேணாங்க" என்றாள்.

ருவன்வெல்ல தாண்டிய பிறகு, வெளியே பார்த்தபடியே சொன்னாள். "எனக்குப் பயமா இருக்குங்க."

ஐம்பது வயதாகியும் கேலியைத் தவிர வேறு ஒரு வார்த்தை எனக்குப் பழகியிருக்கவில்லை. வாயைத் திறந்தால் அதுதான் வரும் என்று பயந்து பேசாமல் இருந்தேன். அவளுடைய வலது பக்கம் உட்கார்ந்திருந்தேன். யட்டியாந்தோட்டை வரும்வரை நான் அழுதது அவளுக்குத் தெரியவில்லை.