மூன்று கிலோ தண்ணீர்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னிடமிருந்து தப்பித்துக்கொண்டது. பதினாறு வயதில் எனக்குத் தெரிந்த வேலை இரண்டு: தீப்பெட்டி ஆபீசில் கட்டு தூக்குவது, எங்கள் ஊர்க் கபடி டீமைச் சிரிக்க வைப்பது. அந்த டீமை விட்டால் சாயங்காலத்தில் என் பேச்சைக் கேட்க எங்கள் வீட்டு எருமைதான் உண்டு. அதுவும் பாதியில் எழுந்து போய்விடும்.

பசுவந்தனையில் ஒரு போட்டி வந்தது. அறுபது கிலோவுக்கு மேல் இருந்தால் இறங்க முடியாது. முந்தின நாள் பருத்திக் கடைத் தராசில் எல்லோரும் ஏறினோம். நான் அறுபத்து மூன்று. கடைக்காரர் எட்டிப் பார்த்து, ஈரச் சரக்கு, விலை போகாது என்றார். வழக்கம்போல முதலில் சிரித்தது நான்தான்.

இன்னொருவனும் கூடுதலாக இருந்தான், அறுபத்திரண்டு. என் தெருக்காரன், அதிகம் பேசமாட்டான். இன்றைக்கு ராத்திரியிலிருந்து தண்ணீர் குடிக்கக் கூடாது, நாளை உச்சிவெயிலில் உரச்சாக்கை மாட்டிக்கொண்டு ஓட வேண்டும் என்று கேப்டன் சொன்னதும் அவன், "நான் வரலண்ணே. கீழ உக்காந்து கை தட்டுதேன்" என்றான்.

கேப்டன் முகம் சுருங்கியது. நாளைக்கு வரும்போது உன் அக்கா தாவணியைக் கட்டிக்கொண்டு வா என்று அவனிடம் நான் சொன்னேன். டீமே சிரித்தது. அவன் அக்கா செத்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அது எனக்கும் தெரியும்.

மறுநாள் யூரியா சாக்கில் தலைக்கு ஒன்று, கைக்கு இரண்டு என்று ஓட்டை போட்டு எனக்கு மாட்டிவிட்டார்கள். வேர்வை வந்தால் கொழுப்பு உருகுகிறது என்று டீமில் எல்லோருக்கும் தெரியும். எங்களில் பத்தாவது பாஸானவனுக்கும் தெரியும். பருத்தி எடுத்து முடித்த காட்டில், காலை விழுங்கும் வெடிப்புகளுக்கு நடுவே ஓடினேன். கேப்டன் பாதையில் பைக்கில் கூடவே வந்து ஹாரன் அடித்தார்.

மூன்றாவது சுற்றில் வேர்வை நின்றுபோனது. நாக்கு செருப்புத் தோல்போலக் கிடந்தது. ஒரு வாய் தண்ணீர் கேட்டேன்.

"ஒரு வாய் குடிச்சன்னா கால் கிலோலே. பெறவு நீயும் அவன்கூடப் போய்க் கை தட்டு," என்றார்.

உடைமரத்து நிழலில் உட்கார்ந்திருந்த அவன் எழுந்து வந்து, பாட்டிலைத் திறந்து நீட்டினான். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். நான் ஓங்கித் தட்டிவிட்டேன். தண்ணீர் வெடிப்புக்குள் இறங்கியது. கரிசல் அதைக் குடிக்கிற சத்தம்கூட எனக்குக் கேட்டது. டீம் கை தட்டியது. அதற்காக இன்னொரு சுற்று ஓடினேன்.

நாலு மணிக்குப் பசுவந்தனையில் எடை ஐம்பத்தொன்பது எண்ணூறு. முதல் ரெய்டு எனக்கு. கோட்டைத் தாண்டி நாலு எட்டு வைத்ததும் இரண்டு கெண்டைக்காலும் இழுத்துப் பிடித்தன. எதிர் டீமில் ஒருத்தனும் தொடாமலே குப்புற விழுந்தேன். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது, எங்கள் டீமும்தான். வருடக்கணக்காக விழுந்து காட்டியே சிரிக்க வைத்தவன் நிஜமாக விழுந்தால் யார் நம்புவார்கள்? கேப்டன் கன்னத்தில் அறைந்து, "நடிச்சது போதும், எந்திலே" என்றார். சிரிக்காமல் ஓடிவந்தது என் தெருக்காரன் ஒருவன்தான். ஆட்டோவில் தூக்கிப் போட்டுக் கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான்.

நர்சம்மா டிரிப்ஸ் ஏற்றினார். மூன்று கிலோ கொழுப்பைக் கரைத்ததைப் பெருமையாகச் சொன்னேன்.

"கொழுப்பு அப்படியேதான் இருக்கு. எறங்கினது தண்ணி. அதத்தான் திரும்ப ஏத்திக்கிட்டு இருக்கேன்," என்றார்.

மறுநாள் காலை கேப்டன் போன் செய்தார். எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. "வார ஞாயித்துக்கெழம கயத்தாறுல இருக்குலே. இப்பம் எடை கொறஞ்சுதான இருக்கும், அப்படியே பிடிச்சு வச்சுக்கோ."

கட்டிலுக்குப் பக்கத்தில் அவன் உட்கார்ந்திருந்தான். சொல்ல எனக்குச் சொந்தமாக வார்த்தை வரவில்லை. அவனுடையதையே எடுத்துக்கொண்டேன். "நான் வரலண்ணே. கீழ உக்காந்து கை தட்டுதேன்."

கேப்டன் வெகுநேரம் சிரித்தார். நான் அவரோடு சேர்ந்து சிரிக்கவில்லை என்பது அவருக்கு உறைத்ததும், இனி இந்தப் பக்கம் வராதே என்று போனை வைத்துவிட்டார்.

தண்ணீருக்குக் கை நீட்டினேன். அவன் பாட்டிலைத் திறந்து, என்னைப் பார்த்துக்கொண்டே பாதியை நிதானமாகக் குடித்தான். மிச்சத்தைக் கட்டிலின் கால்மாட்டில், கை எட்டாத இடத்தில் வைத்தான். ஊசி குத்தியிருந்த கையோடு எக்கி எடுத்தேன்.