மயக்கத்தில் எடுத்த படம்

"என்னைப் படம் எடுக்கக் கூடாது" என்று ஒரு பெண் என்னிடம் கேட்டுக்கொண்டார். சரியென்று வாக்குக் கொடுத்தேன். அவர் மயக்க மருந்தில் நினைவற்றுக் கிடந்தபோது எடுத்தேன்!

இதுதான் என் குற்றம். இனி சொல்லப்போவது எதுவும் இதற்குச் சமாதானம் அல்ல. அவர் எப்பேர்ப்பட்டவர் என்று தெரிந்தால்தான், நான் செய்தது எப்பேர்ப்பட்டது என்று உங்களுக்கு விளங்கும்.

வேலூரில் ஒரு சிறிய தனியார் மருத்துவமனையில், அறுவை அரங்கில் செவிலியாக இருக்கிறேன். எனக்குச் சொந்த ஊர் மாதனூர் பக்கம். என்னிடம் அப்படிக் கேட்டுக்கொண்ட லிடியா அம்மாளுக்கோ பசிபிக் கடலில் ஒரு பவளத்தீவு. அவர் சிறுமியாக இருந்த காலத்தில் அந்தக் கடலில் அமெரிக்கா அணுகுண்டு வெடித்துச் சோதித்தது. காற்றில் வந்த சாம்பல் தீவெங்கும் வெள்ளையாக உதிர்ந்தது. பிள்ளைகள் அதைக் கையில் பிடித்து விளையாடினார்களாம்... பின்னால் அவர் கழுத்தில் கட்டி வந்தது. அங்கே ஒருமுறை வெட்டி எடுத்தும், மறுபடி வளர்ந்துவிட்டது. வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் ஒன்று செலவை ஏற்று, மகளோடு அவரை எங்களிடம் அனுப்பியது.

எழுபதைத் தாண்டியவர், துவண்டுபோய் வருவார் என்று நினைத்தோம். அவரோ சக்கர நாற்காலியை ஒதுக்கிவிட்டு, சிரித்துக்கொண்டே நடந்து வந்தார்! வழியில் பாலாற்றைக் காட்டியிருக்கிறார்கள். "ஆறு என்று சொல்லி மணலைக் காட்டுகிறீர்களே! எங்களிடம் தண்ணீரைத் தவிர வேறொன்றும் இல்லை. கொஞ்சம் எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார் ஆங்கிலத்தில்.

வார்டில் உதவியாளராக இருக்கும் ஷமீம் அக்கா வீட்டிலிருந்து பிரியாணி கொண்டுவந்து கொடுத்தார். "இன்னாம்மா இது! கறிய ஒதுக்கி வெச்சிட்டு, கத்திரிக்காவத்தான் ஜாஸ்தி கேக்குது!" என்று அவருக்கு ஒரே ஆச்சரியம். பக்கத்துக் கட்டில் அம்மா மெல்லிய குரலில் தேவாலயப் பாட்டு ஒன்றைப் பாடினால், லிடியா அம்மாள் அதே ராகத்தில் தம் மொழியில் சேர்ந்துகொள்வார். இத்தனை நடந்த பிறகும் ஒரு மனுஷியால் இப்படி இருக்க முடியுமா? எனக்கு அவர்மேல் மரியாதை மட்டுமல்ல, பொறாமையும் வந்தது.

அறுவைக்கு முந்தின நாள் அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"வெளிநாட்டு மருத்துவர்கள் எங்களைப் பரிசோதிக்கக் கப்பலில் வருவார்கள். சட்டையைக் கழற்றச் சொல்லி, கையில் எண் அட்டையைக் கொடுத்துப் படம் எடுப்பார்கள். அப்போது நான் சிறுமி. மாட்டேன் என்று சொல்லலாம் என்பதே எனக்குத் தெரியாது. இப்போது தெரியும். படம் வேண்டாம்."

குரலில் துளியும் கோபம் இல்லை. மருத்துவர் உடனே ஒப்புக்கொண்டார். நானோ ஒரு படி மேலே போய் அவர் கையைப் பற்றிக்கொண்டேன். "நான் பக்கத்திலேயே இருப்பேன் அம்மா. யாரையும் எடுக்க விடமாட்டேன்."

எனக்கு விவரம் தெரியாமல் இல்லை! என் அப்பா ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை பார்த்தவர். கையெல்லாம் புண். ஒருநாள் தெருவுக்கு வந்த கேமராக்காரர்கள் கையை நீட்டச் சொன்னார்கள், நீட்டினார். சில மாதம் கழித்து யாரோ ஒரு பத்திரிகையைக் கொண்டுவந்து காட்டினார்கள். பக்கம் முழுக்க அப்பாவின் கை. பெயர் இல்லை.

"கை மட்டும் போதுமாடா அவனுங்களுக்கு? என் மூஞ்சி இன்னா ஆச்சு?" என்றார் அப்பா. அதற்குப் பிறகு ஞாயிறு ஆராதனைக்குப் போனால் கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டுதான் உட்காருவார். அவர் மகள் நான்... எல்லாம் தெரிந்தே செய்தேன்.

எதற்காக? சென்னையில் செவிலியர் மாநாடு வரவிருந்தது. அரிய நோயாளி ஒருவரைப் பற்றிப் பேசினால் என் பெயர் வெளியே தெரியும் என்ற ஆசை! மருத்துவர் கை கழுவப் போயிருந்தார். மயக்க மருந்து கொடுத்தவர் இயந்திரத்தின் பக்கம் திரும்பியிருந்தார். கைப்பேசியை எடுத்தேன். பழைய தழும்பு, புதிய கட்டி, நாடா ஒட்டி மூடிய கண்கள். யாருக்கு அடையாளம் தெரியப்போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்பாவின் கையை எடுத்தவர்களும் இதைத்தானே சொல்லியிருப்பார்கள்?

அறுவை நல்லபடியாக முடிந்தது. குரல் போய்விடுமோ என்று எல்லோரும் பயந்திருந்தோம். கண் விழித்ததும் அவர் செய்த முதல் காரியம், கரகரத்த தொண்டையோடு அந்தத் தேவாலயப் பாட்டின் ஒரு வரியைப் பாடிப் பார்த்ததுதான். ஷமீம் அக்கா அழுதேவிட்டார்.

ஊருக்குப் புறப்படும் நாளில் என்னை அருகே அழைத்தார். "நாம் இருவரும் ஒரு படம் எடுத்துக்கொள்வோமா?"

"அம்மா, உங்களுக்குத்தான் படமே..."

"படம் பிடிக்காமல் இல்லையே! கேட்காமல் எடுப்பதுதான் பிடிக்காது. நீ எனக்குக் காவல் இருந்தவள்."

என் கைப்பேசியில்தான் எடுத்தோம். கழுத்துத் துணியை அவரே விலக்கி, காயக் கட்டு தெரியும்படி வைத்துக்கொண்டு, என் தோளைச் சுற்றிக் கை போட்டார். நானும் சிரித்தேன். எப்படிச் சிரித்தேனோ!

"மறக்காமல் அனுப்பு. என்னை எத்தனையோ பேர் எடுத்திருக்கிறார்கள். என் வீட்டில் ஒரு படம்கூட இல்லை."

மாநாட்டில் அந்தக் கழுத்தைத் திரையில் காட்டினேன். கைதட்டினார்கள்.

நாங்கள் சேர்ந்து எடுத்த படத்தை இன்னும் நான் அனுப்பவில்லை. அனுப்பினால், காவல் இருந்தவள் என்ற அந்தப் பொய்யும் சேர்ந்து அவர் வீட்டுச் சுவரில் ஏறும். அனுப்பாவிட்டால், எடுத்துக்கொண்டு போனவர்களில் நானும் ஒருத்தி. உண்மையைச் சொல்லிவிடலாமா? வாழ்நாளில் முதன்முறையாக ஒரு கேமராவை நம்பியவரிடம், எந்த வாயால் சொல்வேன்?

நேற்றும் அவரிடமிருந்து குரல் செய்தி வந்தது. தொண்டை நன்றாகத் தெளிந்துவிட்டது. "உங்கள் ஊர் ஆற்றைப் போலவே இணையமும் வறண்டுவிட்டது போலிருக்கிறது, படம் இன்னும் வரவில்லை! பரவாயில்லை மகளே, சுவரில் ஆணி அடித்து வைத்துவிட்டேன்" என்று சிரிக்கிறார்.