ராயபுரத்தில் ஒரு பேர் பாக்கி

எங்க படிப்பகங்கள்ல புக்கு குடுத்து வாங்கற சாஃப்ட்வேரை இப்ப தூத்துக்குடிக்காரங்களும் எடுத்து ஓட்டறாங்க. அதை எழுதின பெர்சிஸைப் பத்தி ரெண்டு பக்கம் குடுன்னு என்னைக் கேட்டாங்க. நான் துரை, விம்கோ நகர் படிப்பகத்தைப் பாத்துக்கிறவன். நைஸா எல்லாம் எழுத வராது, பேசற மாதிரிதான் வரும்.

பெர்சிஸுக்குப் பகல்ல கன்டெய்னர் யார்டுல கம்ப்யூட்டர் வேலை. சாயங்காலம் ராயபுரம் சர்ச்சுக்குப் பின்னாடி இருக்கிற படிப்பகம். முன்னாடி அதை அவ வூட்டுக்காரன் ஃப்ரெடி பாத்துகினு இருந்தான். ஹார்பர்ல கிரேன் ஓட்டினவன். மூணு வருஷம் ஆச்சு, டூட்டி முடிஞ்சு வந்து உக்காந்தவன் உக்காந்தபடியே போய்ட்டான். ஏழாம் நாள் பூசை முடிஞ்ச மறுநாளே இவ சாவியை வாங்கிக்கினா. அழுது நான் பாக்கல.

ஃப்ரெடி வாரம் ரெண்டு புக்கு எடுப்பான். அவனுக்கு ஒரு துப்பறியும் கதை, இவளுக்கு ஒண்ணு. அவன் போன பிறகும் அவன் கார்டுலயே ரெண்டு எடுத்துகினு இருந்தா. துப்பறியும் கதையைத் திறக்காமலே திருப்பி வெப்பா. நாங்க யாரும் கேக்கல. எங்க பக்கம் செத்தவங்க கார்டை மூடற வழக்கமே கிடையாது, வூட்டுல இருக்கிறவங்க அதுலயே ஓட்டுவாங்க. நெட்டுக்குப்பத்துல தாத்தா பேர்ல ஆரம்பிச்ச கார்டு இப்ப பேத்தி கையில கீது.

அப்புறம் ஒன்பது படிப்பகமும் ஒரே கூட்டமைப்பாச் சேந்தோம். நான் செயலாளர். முதல்ல ஒரு கம்பெனி சாஃப்ட்வேரு வாங்கினோம். அவன் கடையை மூடினு போய்ட்டான், எங்க மெம்பர் லிஸ்ட்டு பூரா அவன் பூட்டுக்குள்ள மாட்டிகிச்சு. சரியான பேஜாரு.

"நானே எழுதறேண்ணா. கட்டற்ற மென்பொருளா வெச்சிருவோம். யார் வேணா எடுத்துக்கட்டும், பிரிச்சுப் பாக்கட்டும், திருத்திக்கட்டும். நம்மள எவனும் பூட்ட முடியாது"ன்னா பெர்சிஸ். ரெண்டு வருஷம் எழுதினா.

கார்டுங்களை ஒண்ணாக்கும்போதுதான் செத்தவங்க வந்து நின்னாங்க. இருநூத்திப் பதினாலு பேரு. புது சிஸ்டத்துல ஆளுக்கொரு கார்டுன்னா அதையெல்லாம் மூடியே ஆவணும், வூட்டுக்காரங்க புதுசா சேரணும். மொத்தமா அழிச்சுடும்மான்னேன். "வேணாண்ணா, அந்தந்தப் படிப்பகத்து ஆளு ஒவ்வொரு பேரா பாத்து மூடட்டும்"ன்னா. கடைசிப் பேரு மூடற வரைக்கும் சிஸ்டம் திறக்காதுன்னும் அவளேதான் எழுதி வெச்சா. எனக்கு முப்பத்தோரு பேரு. ஒவ்வொண்ணா மூடி முடிக்க மூணு சாயங்காலம் ஆச்சு.

தொடக்க விழா அன்னிக்கு ஹால் நிறைய ஜனம். மேடையில நான் பட்டனை அமுக்கினேன். திறக்கல. திரையில 'ராயபுரம்: ஒரு பேர் பாக்கி'ன்னு நிக்குது. எனக்கு மண்டை சூடாயிடுச்சு, மைக்குலயே கத்திட்டேன்.

"ராயபுரம் யாருப்பா? இன்னா, தூங்கினு கீறீங்களா?"

கத்தினப்புறம்தான் உறைச்சுது. நாக்கைப் புடுங்கிக்கலாம் போல இருந்துச்சு.

பெர்சிஸ் மூணாவது வரிசையிலேருந்து எழுந்து வந்தா. மூஞ்சியில ஒண்ணுமே இல்ல. ஃப்ரெடி பேரு திரையில வந்துச்சு, பக்கத்துல 'கடைசியாக எடுத்தது: போன சனிக்கிழமை'. பாத்தா. 'இறந்தவர்'னு இருந்த கட்டத்தைத் தட்டினா. சிஸ்டம் திறந்துச்சு. ஜனம் கை தட்டுச்சு. எனக்குக் கை எழல.

"முதல் ஆளா நீயே சேரும்மா"ன்னேன், வேற இன்னா சொல்றதுன்னு தெரியாம.

உக்காந்து அடிச்சா. பேரு, தெரு, போன் நம்பர். அடுத்தது, அறிமுகப்படுத்தறவரோட உறுப்பினர் எண். யோசிக்கவே இல்ல, விரல் பாட்டுக்கு ஃப்ரெடி நம்பரை அடிச்சிடுச்சு. அவளுக்கு மனப்பாடமாத் தெரிஞ்சது அந்த ஒரு நம்பர்தான்.

'இப்படி ஒரு உறுப்பினர் இல்லை'ன்னு வந்துச்சு. அந்த வரியும் அவ எழுதினதுதான்.



"கரீக்டா வேலை செய்யுதுண்ணா"ன்னா.

நான் என் நம்பரைச் சொன்னேன். அடிச்சா.