பின்கட்டுத் தயிர்

யுத்தம் முடிந்து சுதந்திரமும் வந்துவிட்டிருந்த சமயம். டைபாய்டுக்குப் புதிதாக வந்திருந்த மருந்து என் கணவரின் ஜுரத்தை இறக்கியது. கூடவே வயிற்றைக் கெடுத்தது. கஞ்சித் தண்ணீர் குடித்தாலும் கொல்லைப்புறம் போக வேண்டியிருந்தது. கைத்தாங்கலாக அழைத்துப் போய்க் கொண்டுவந்து படுக்க வைப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கும். லஸ் முனையிலிருந்து வந்து பார்த்த டாக்டர், "கெட்ட கிருமியோட வயித்துல இருக்கற நல்லதையும் சேத்து அழிச்சுடறது இந்த மருந்து. அதுக்காக மருந்தை நிறுத்தப்படாது. புளிக்காத தயிரா குடுத்துப் பாருங்கோ" என்றார்.

தயிர்தானே, அதற்கென்ன என்று நினைத்தேன். ஜுரக்காரர் இருக்கிற வீடு, ஒரு கிருமி தங்கக் கூடாது என்று பால் தளதளவென்று கொதிக்கும்போதே உறை குத்தினேன். மறுநாள் பார்த்தால் தண்ணீர் தனி, திப்பி தனி. அதற்கு அடுத்த நாளும் அதே கதை. அவர் ஒரு வாய் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அப்போதுதான் பின்கட்டில் குடியிருந்தவள் கிண்ணமும் கையுமாக வந்து நின்றாள். மயிலாப்பூருக்கு வந்தே நாலைந்து மாதம்தான் இருக்கும். என்னைவிட ஒரு வயதோ இரண்டு வயதோ சின்னவள். ஆனால் வாய்க்கு வாய் என்னை "மாமி" என்பாள். பளிச்சென்று வேறு இருப்பாள். அவள் கொடுத்த தயிர் கிண்ணத்தைக் கவிழ்த்தாலும் விழாது போலிருந்தது. அவர் சொட்டு விடாமல் சாப்பிட்டுவிட்டு, "அடடா!" என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் சமையல் எதற்கும் ஒரு "அடடா" கிடைத்ததில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொறாமைதான், வேறென்ன.

தினமும் கிண்ணம் வந்தது. அவருக்கும் வயிறு கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுப்பட்டது. சந்தோஷப்பட வேண்டியவள் நான், அவள் வருகிற சத்தம் கேட்டாலே அடுப்படியில் பாத்திரங்களை நங்கு நங்கென்று வைத்தேன். நான் தேய்த்து, துடைத்து, ஓடி ஓடிச் செய்கிறேன். பேர் தட்டிக்கொண்டு போவது அவளா?

ஒரு நாள் காலையில் கிண்ணம் வரவில்லை. போய்ப் பார்த்தால், கொல்லையில் கிணற்றடிக்கு அந்தண்டை தனியாகப் பாயில் உட்கார்ந்திருந்தாள்.

"மூணு நாளைக்கு நான் எதையும் தொடப்படாதே மாமி. நேத்திக்குக் குடுத்ததுல ஒரு ஸ்பூன் மிச்சமிருந்தா அதையே உறை குத்திடுங்கோ. பால் கொதிக்கக் கொதிக்க ஊத்தாதேள். விரல் பொறுக்கற சூடு போறும்."

கொதிக்கக் கொதிக்க ஊற்றியதை இவள் எப்போது எட்டிப் பார்த்தாள்? சுருக்கென்றது. ஆனால் அவருக்கு வயிறு மறுபடி கெட்டுப்போனால் என்ன செய்வது? பல்லைக் கடித்துக்கொண்டு அவள் சொன்னபடியே செய்தேன். மெட்ராஸ் வெயிலுக்குச் சாயங்காலத்துக்குள் கட்டியாகத் தோய்ந்துவிட்டது. திருப்பிக் கொடுக்காமல் வைத்திருந்த அவள் கிண்ணத்திலேயே அவரிடம் எடுத்துக்கொண்டு போனேன்.

அவர் ஆவலாக வாங்கிச் சாப்பிட்டார்.

"என்ன ருசி! துளிக்கூடப் புளிப்பில்லே. அந்தப் பொண்ணு கைக்கு இன்னொரு கை வராது. நீயும் கத்துக்கோயேன்."

எத்தனை நாள்தான் பொறுப்பது?

"அவ காலம்பரலேர்ந்து கொல்லையில ஒதுங்கி உக்காந்துண்டிருக்கா. கரண்டியைக்கூடத் தொடலே. இது நான் தோச்ச தயிராக்கும்!"

அவர் கை நின்றது. நாக்கை ஒரு சுற்றுச் சுழற்றினார்.

"அதானே பாத்தேன். லேசாப் புளிக்கறது."

ஆத்திரம் தாங்காமல் கிண்ணத்தை வெடுக்கென்று பிடுங்கினேன். வழித்துச் சாப்பிட்டுக் காலியாக்கியிருந்தார்.