திரைக்கு இந்தப் பக்கம் என் கால்

அவர் மௌத்தாகிச் சில வாரங்களில் கிளினிக் என் வீட்டுக்கே வந்தது. நான் இத்தாவில் இருந்தேன். கணவனை இழந்தவள் சில மாதங்கள் அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் வீட்டோடு இருக்க வேண்டும். இரத்தத்தில் ஏறிய சீனி வருத்தத்துக்கு அதெல்லாம் எங்கே தெரியும்? மாதாந்தக் கிளினிக்குக்கு நான் போகாததைக் கண்ட ஊர் மருத்துவமாது, தாதியையும் டொக்டரையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

சிங்கள டொக்டர், எங்கள் ஆண்களைவிடக் கண்டிப்பானவர் போல வாசலிலேயே நின்றார். கலேவெலயிலிருந்து வந்திருந்த மகள் கட்டில் விரிப்பைத் திரையாகக் கட்டினாள். அந்தப் பக்கம் டொக்டரும் பிளேன்டீயும், இந்தப் பக்கம் நான். வேறு நாளென்றால் சிரித்திருப்பேன். அப்போதெல்லாம் எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. யாருடைய வீட்டிலோ உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

தாதி என் காலை மடியில் வைத்து நைலோன் நூல் முனையால் தொட ஆயத்தமானாள்.

"கண்ண மூடிக்கிட்டு, தொடுறது தெரிஞ்சா சொல்லுங்க உம்மா," என்றாள் மருத்துவமாது.

கொஞ்ச நேரம் காத்திருந்து அவளிடம் கேட்டேன்: "இன்னும் தொடல்லயே மகள்?"

அதற்குள் தாதி பாதம் முழுக்கத் தொட்டு முடித்திருந்தாள்.

பெருவிரலுக்குக் கீழே, மருந்துப் பைக்கற்றில் அடிக்கும் ஸ்டேப்ளர் கம்பி ஒன்று ஏறிச் சீழ் வைத்திருந்தது. மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு அது பக்கத்து வீட்டுக்காரியின் கால். போனில் படம் பிடித்துத் திரைக்கு அப்பால் காட்டினார்கள். இன்றே மாத்தளை ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் விரல் போய்விடும் என்றார் டொக்டர். இத்தாவில் எப்படி என்று மகள் இழுத்தாள்.

"பள்ளிவாசல் ஹஸரத்துக்கிட்டக் கேட்டுட்டுத்தான் வந்தோம். மருந்துக்குப் போகலாமாம்," என்றாள் மருத்துவமாது.

விரல் தப்பியது. ஆனால் என் நினைவில் நிற்பது அதுவல்ல. அன்று வீட்டில் கட்டுப் போட்டுக்கொண்டே தாதி சிங்களத்தில் ஏதோ சொல்ல, மருத்துவமாது கேட்டாள்:

"ஒவ்வொரு நாளும் பாதத்தப் பாக்கணும் உம்மா. ஒங்களுக்குக் குனிய ஏலாதே, வீட்ல யாரு பாக்குறது?"

"அவர்தான்," என்றேன். "மஃரிப் தொழுதிட்டு டோர்ச் அடிச்சுப் பாப்பார்."

ஒருவரும் என்னைத் திருத்தவில்லை. தாதி காலை மடியிலிருந்து இறக்கவும் இல்லை. அவர் போன பிறகு நான் முதன்முதலாக அழுதது அப்போதுதான்.