இஸ்தோப்பு என்றுதான் எழுதுவேன்

ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் எனக்கு ஒரு வேலை. அந்த வாரம் கைபேசியில் கண்டெடுத்ததில் மூன்றைப் பொறுக்கி, நாங்கள் நாற்பது பேர் இருக்கும் வாசகர் குழுவில் போடுவேன். வீட்டு அலங்காரத்துக்கு ஒன்று, நல்ல சொல்லுக்கு ஒன்று, சிரிக்க ஒன்று. இலங்கை மலையகத்தில், நான் இருக்கும் நோட்டன் பிரிட்ஜ் பக்கம் மழை பிடித்தால் சிக்னல் போய்விடும். குடையோடு ரோட்டு வளைவு வரை ஏறிப் போய் அனுப்பியதும் உண்டு. சும்மா இருக்கத் தெரியாத கால்கள் எனக்கு.

அந்த வாரம் வீட்டுக்கும் சொல்லுக்கும் சேர்த்து ஒரே வீடியோ அகப்பட்டது. தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கொழுந்து எடுக்கிற தங்கச்சி ஒருத்தி, ஒரே கூரையின் கீழ் வரிசையாக நிற்கும் லயத்தில், தன் வீட்டு முன்பக்கத்தைச் சோடித்துக் காட்டியிருந்தாள். பால்மா டின்களில் ரோசா, பழைய சேலையில் திரை. தலைப்பு: “எங்க இஸ்தோப்பு.” சொல்லைப் பார்த்ததும் வாய் இனித்தது. சிரிக்க, தோட்டத்தில் வேலை வாங்கும் கண்டாக்கையா மாதிரிப் பேசிக் காட்டும் ஒரு பையனின் கிளிப். இரண்டையும் அனுப்பிவிட்டு அடுப்படிக்குப் போனேன்.

திரும்பி வந்தால் குழு கொதிக்கிறது. குழுவை நடத்துபவர் கொழும்பில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர். “சகோதரி, இஸ்தோப்பு சிங்களச் சொல். திண்ணை என்ற அழகிய தமிழ் இருக்க இந்தக் கலப்படம் எதற்கு? திருத்தி அனுப்புங்கள்” என்று எழுதியிருந்தார். அத்தோடு விட்டிருந்தால் பரவாயில்லை. நான் கொடுத்த இணைப்பு வழியாகவே நாலைந்து பேர் அவளுடைய வீடியோவுக்குப் போய், ‘லயத்துத் தமிழ்’ என்று கீழே எழுதி, சிரிக்கிற முகங்களை வரிசையாக ஒட்டிவிட்டு வந்திருந்தார்கள்.

அவள் வீடியோக்களுக்குக் கருத்து எழுதிப் பழகியதில் என் எண் அவளிடம் இருந்தது; மத்தியானம் குரல் பதிவு வந்தது. “அக்கா, ரெண்டு நாளு லீவு போட்டு செஞ்சதுக்கா. இப்ப எங்கூட்டுக்காரரு அழிச்சிருங்கறாரு. அழிச்சிரவா?”

இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. நான் பயந்தேன். “தலைப்ப மட்டும் திண்ணைன்னு மாத்திப் பாரேன்” என்று பதில் அனுப்பினேன்.

சட்டென்று வந்தது அடுத்த பதிவு. பின்னால் கோழி கத்திக்கொண்டிருந்தது. “திண்ணைன்னா ஆளு ஒக்கார்ற எடங்க்கா. இங்க எங்க ஒக்கார்றது? ஒரு பக்கம் வெறகு, ஒரு பக்கம் கோழிக்கூடு, நடுவுல மாமியாரு கட்டிலு. இதப் போயி திண்ணைன்னா கோழியே சிரிக்கும். நீங்களும் அவுங்க பக்கந்தானா?”

அந்தக் கடைசிக் கேள்வி என்னை உட்கார விடவில்லை.

நான் பிறந்ததும் ஓர் இஸ்தோப்பில்தான். உள்ளே இருந்த ஒரே அறை, காம்பிராவில் இடமில்லை, வெளியே மழை. தோட்டத்துரைமார் எங்களுக்கு ஒரு கூரை நீட்டத்தைக் கொடுத்தார்கள். அதில் சமைத்தோம், படித்தோம், செத்தவர்களைக் கிடத்தினோம். கூடவே சிங்களக் கிராமத்திலிருந்து ஒரு சொல் ஏறி வந்தது. கடைசியில் இருந்த ‘வ’வை உதிர்த்து அதை நாங்கள் எங்கள் வாய்க்கு வளைத்துக்கொண்டோம். எங்கள் வாயில் இத்தனை தலைமுறை கிடந்த சொல் எங்களுடையது இல்லையென்றால், எங்களுடையது என்று எதைத்தான் விட்டுவைப்பார்கள்?

குழுவில் எழுதினேன்: “இஸ்தோப்பு. லயத்து வீட்டின் முன்பக்கம். திண்ணை அல்ல. திருத்தமாட்டேன். அந்தப் பிள்ளையின் பக்கத்தில் போய்ச் சிரித்தவர்கள் அங்கேயே போய் மன்னிப்புக் கேளுங்கள்.”

ஆசிரியர், “மொழியைக் காக்கும் பொறுப்பு நமக்கு உண்டு” என்றார்.

“அதைத்தான் ஐயா செய்கிறேன்” என்றேன்.

சற்று நேரத்தில் நான் குழுவில் இல்லை. நீக்கிவிட்டார். போகட்டும். அண்ணன் பிள்ளைகளுக்கு, பள்ளிக்கூடத்துச் சிநேகிதிகளுக்கு, கோயம்புத்தூருக்குப் போய்விட்ட சொந்தங்களுக்கு என்று, கை வலிக்க வலிக்க அந்த வீடியோவை அனுப்பினேன். அவளுக்கும் எழுதினேன்: “உன் பக்கந்தான். நான் சொன்னது தப்பு. அழிக்காத.”

புதன்கிழமை அந்தி நேரம் சிரித்துக்கொண்டே பேசினாள். “அக்கா, யாரோ ஒரு அம்மா கோயம்புத்தூர்லேருந்து கேக்குறாங்க, ஒங்க இஸ்தோப்பு செவுத்துக்கு என்னா பெயிண்டுன்னு. பெயிண்டு இல்லீங்க, சுண்ணாம்புல நீலம் கரைச்சதுன்னு சொல்லிட்டேன்.”